குலுக்கலுக்கு ஒரு துவக்கு

ஜனவரி 9, 2018, செவ்வாய்

கனடா வருவதற்கு விசா கேட்டுக் கொழும்பில் நேர்முகத்துக்குப் போனபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் எப்போதாவது துவக்கு, துப்பாக்கி எதையாவது கையால் தொட்டிருக்கிறீர்களா?" முப்பத்தாறு வருஷம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். எதைக் கேட்டாலும் ஓர் உதாரணத்தோடுதான் பதில் சொல்லுவேன். அன்று உதாரணமில்லாமல் "இல்லை" என்றேன். பக்கத்தில் இருந்த என் மனைவி பரிமளத்திடமும் அதையே கேட்டார். அவளும் "இல்லை" என்றாள். என்னைவிடச் சத்தமாக.

எட்டு வருஷம் கழித்து, எழுபத்தொரு வயதில், இன்று மாலை ஆறரை மணிக்கு நான் ஒரு துவக்குக் கழகத்தில் சேர்ந்துவிட்டேன்.

இதற்கு மகள் யசோதான் பொறுப்பு. "அப்பா, நீங்கள் ரீவிக்குப் பாடம் எடுக்கிறியள். வானிலை சொல்லுற பொம்பிளையை நேற்று மூண்டு தரம் திருத்தினீங்கள். தயவுசெய்து வெளியில போங்கோ" என்றாள். ஊர்ச் சமூக மண்டபத்தில் செவ்வாய்தோறும் சதுரங்கக் கழகம் கூடுவதாக அறிவித்தல் இருந்தது. போனேன். மேல்மாடி இருட்டாக இருந்தது. அந்தக் கழகத்தின் இரண்டு அங்கத்தவர்களில் ஒருவர் மார்கழியில் காலமாகிவிட்டாராம். திரும்பும்போது நிலவறையிலிருந்து மரத்தூள் மணம் வந்தது. இறங்கிப் பார்த்தேன். ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள். மேசையில் நீளமான மேப்பிள் மரத்துண்டு ஒன்று.

அவர்கள் பேசியது ஆங்கிலம். எனக்கு எழுத வருவது என் தமிழ்தான். ஆகவே இந்தக் குறிப்புகளில் கழகத் தலைவர் வோல்ரர் எங்கள் பக்கத்துச் சாவகச்சேரியில் பிறந்தவர் போலத் தோன்றினால் அது என் பிழை.

"செஸ் விளையாட வந்தனீரோ? பாவம். பரவாயில்லை, இதைப் பிடியும்" என்று மரத்தின் ஒரு முனையை என் கையில் தந்தார் வோல்ரர். பிடித்தேன். அரை மணித்தியாலம் கழித்துத்தான் அது துவக்கின் பிடிமரம் என்று தெரிந்தது. இருநூறு வருஷத்துக்கு முந்திய வகைத் துவக்கு. குழலின் வாய் வழியாக வெடிமருந்தையும் குண்டையும் இட்டு, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கவைப்பது. ஒவ்வொரு குளிர்காலமும் இவர்கள் சேர்ந்து ஒன்று செய்கிறார்கள். ஆளுக்கொரு பகுதி. மே மாதம் குலுக்கலில் அது யாரோ ஒருவருக்குப் போகும்.

பள்ளிக்கூடத்து விஞ்ஞானக் கண்காட்சி ஞாபகம் வந்தது. ஒரு பிள்ளை வேலை செய்யும், மற்றவை படத்துக்கு நிற்கும். இதில் நான் எந்தப் பிள்ளை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பரிமளத்திடம் மரவேலைக் கழகம் என்று சொல்லியிருக்கிறேன். முழுப்பொய் அல்ல. மரம் இருக்கிறது. வேலை இருக்கிறது.

ஜனவரி 16

இரண்டு மணித்தியாலம் சாண்ட்பேப்பர் போட்டேன். மரம் தேய்ந்ததா தெரியாது. என் பெருவிரல் தேய்ந்தது.

ஜனவரி 30

இன்றுதான் சொன்னார்கள். முன்பே சொல்லியிருந்தால் மேல்மாடியில் தனியாகச் சதுரங்கம் விளையாடியிருப்பேன்.

துவக்கு முடிந்ததும், குலுக்கலுக்கு முந்திய சனிக்கிழமை, அதைச் சுட்டுப் பார்ப்பார்கள். முதல் வெடியைச் சுடவேண்டியவர் கழகத்தின் ஆகப் புதிய அங்கத்தவர். அதாவது நான்.

"ஏன் நான்?" என்றேன்.

டொரீன் என்பவர் பூட்டு வேலை செய்பவர். பூட்டு என்றால் கல்லைத் தட்டிப் பொறி எழுப்பும் பகுதி. எழுபத்தாறு வயது, மாற்றிவைத்த இரும்பு முழங்கால். அவர்தான் பதில் சொன்னார்: "பழகின ஆள் சுட்டால் துவக்கில பிழை இருந்தாலும் கை தன்பாட்டில திருத்திப்போடும். ஒண்டும் தெரியாத ஆள் சுட்டால்தான் துவக்கு நல்லதோ எண்டு தெரியும்."

ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கேள்வித்தாள் தெளிவாக இருக்கிறதா என்று கெட்டிக்கார மாணவனிடம் கொடுத்துப் பார்த்துப் பயனில்லை. கடைசி வாங்கில் இருப்பவனிடம் கொடுக்கவேண்டும். கடைசி வாங்குக்கு இந்த வயதில் வந்துசேர்ந்திருக்கிறேன்.

தோள்மூட்டு வலி என்றேன். வோல்ரர் தன் தோளைத் திறந்து சத்திரசிகிச்சைத் தழும்பைக் காட்டினார். கண்ணில் புரை என்றேன். மேசையைச் சுற்றி நாலு பேர் தங்கள் கண்களைச் சுட்டிக்காட்டினார்கள்.

பயம் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1987இல் எங்கள் வீட்டு விறகுக்கொட்டிலில் தெரிந்த ஒருவர் சாக்கில் சுற்றி ஒரு துவக்கை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் விடிய இராணுவத்தின் சுற்றிவளைப்பு. பரிமளம் அதைக் கவனித்துக்கொண்டாள். எனக்கு அன்று காய்ச்சல். அவ்வளவுதான்.

பெப்ரவரி 13

இன்று நான் வீரன். மேப்பிள் மரத்துக்கு நிறம் ஏற்றும் நாள். இரும்பு கரைத்த அமிலத்தைப் பூசி, சூடான காற்றை மேலே பிடித்தால், வெளிறிய மரத்திலிருந்து புலிவரி போல் கோடு கோடாக எழும்பி வரும். கழகத்தில் எல்லாரும் அதை மந்திரம் போல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் அப்படி ஆகிறது என்று நான் விளக்கினேன். தேநீர்ச் சாயம், கத்தி பட்டுக் கறுக்கும் வாழைக்காய், பரிமளத்தின் இரும்புத் தாச்சிச் சட்டி என்று மூன்று உதாரணங்கள். நாற்பது நிமிஷம்.

டொரீன் நித்திரையாகிவிட்டார். ஆனால் இன்றிலிருந்து எல்லாரும் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

பெப்ரவரி 27

குழலை மரத்தில் பதிக்கும் நாள். அதற்கு முன் ஒரு வழக்கம். குழல் படுத்திருக்கும் வாய்க்காலில், பிறகு யார் கண்ணுக்கும் படாத இடத்தில், செய்தவர்கள் எல்லாரும் பென்சிலால் பெயர் எழுதவேண்டும். வெற்றி பெறுபவருக்கும் இது தெரியாது. தெரியவேண்டியதும் இல்லையாம்.

நான் தமிழில் எழுதினேன். வோல்ரர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இராசநாயகம் எண்டு சொல்ல எனக்கு ரெண்டு மூச்சு வேணும். எழுத இவ்வளவு சின்னனோ?"

"தமிழ் சிக்கனமான மொழி" என்றேன்.

மார்ச் 13

எண்ணெய் பூசுகிறேன். ஆளிவிதை எண்ணெய். ஒரு துளி, உள்ளங்கையால் சூடு வரும்வரை தேய்ப்பு, பிறகு ஒரு நாள் காயவிடுதல், மறுபடி ஒரு துளி. பன்னிரண்டு தரம். அதற்காக மண்டபத்துச் சாவி ஒன்றை என்னிடமே தந்துவிட்டார்கள்.

வீட்டில் விசாரணை.

"உங்களில புண்ணாக்கு மணக்குது" என்றாள் பரிமளம். "அப்பிடி என்னத்தைச் செய்யிறியள்? கட்டிலோ, கதவோ?"

"நீளமான ஒரு சாமான்."

"எவ்வளவு நீளம்?"

கையை விரித்துக் காட்டினேன். போதவில்லை.

"ஊன்றுதடியோ?"

"கிட்டத்தட்ட."

"ஆருக்கு?"

"அது குலுக்கலில்தான் தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில், தாள் திருத்துபவர் போல், இரண்டு புள்ளி குறைத்திருந்தாள்.

மார்ச் 28, புதன்

பிடிபட்டுவிட்டேன். சட்டைப்பையில் குலுக்கல் ரிக்கற் சீட்டு ஒன்றை விட்டிருந்தேன். தோய்த்தும் அதிலிருந்த துவக்குப் படம் போகவில்லை. நல்ல மை.

பரிமளம் அதைக் குசினி மேசையில் விரித்து வைத்திருந்தாள்.

"இதுக்கோ எண்ணெய் பூசிறியள்?"

"ஓம்."

"யசோவுக்குத் தெரியுமோ?"

"தெரியும்."

"வோல்ரருக்கு, அந்தக் கால் ஏலாத மனிசிக்கு, ஊருக்கு எல்லாம் தெரியும்."

"ஓம்."

சத்தம் போடுவாள் என்று நின்றேன். போடவில்லை. ஈர ரிக்கற்றை எடுத்து யன்னல் ஓரத்தில் காயவைத்தாள். பிறகு கேட்டாள்: "எத்தினை றாத்தல்?"

"ஒன்பது வரும்."

மூலையில் இருந்த பத்து றாத்தல் அரிசிப் பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "அது இதையும்விடப் பாரம்" என்று சொல்லிவிட்டுப் பையை வைத்தாள். புட்டுக்கு மா குழைக்கத் தொடங்கினாள்.

எது என்று நான் கேட்கவில்லை. 1987இல் அவள் அந்தச் சாக்கைக் காவோலைக் கட்டுக்குள் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, சந்தியில் நின்ற ஆமிக்காரரைக் கடந்து, தரவை வெளியில் இருந்த பாழ்கிணறுவரை நடந்து போனாள். போட்டுவிட்டு வந்தாள். நான் சோதனைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். முன்பு காய்ச்சல் என்று எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் மூக்கு ஒழுகும் தடிமன்.

ஏப்ரல் 10

பயிற்சி. மருந்து இல்லாமல், விசையை இழுத்து வெறும் பூட்டை மட்டும் தட்டவிட்டுப் பழகுவது. டொரீன் குழலின் மேல் ஓர் இருபத்தைந்து சத நாணயக் குற்றியை வைத்தார். "இழுத்துப் பாரும். குற்றி விழக்கூடாது."

விழுந்தது. பதினெட்டுத் தரம் விழுந்தது. பத்தொன்பதாவது தரம் நான் இழுக்கும் முன்பே விழுந்தது.

"நீர் சத்தத்துக்கு முதலே துள்ளுறீர்" என்றார். "இந்தத் துவக்கில பொறி விழுந்து வெடி கேட்க ஒரு கண நேரம் எடுக்கும். அந்த நேரம் ஆள் அசையக்கூடாது. எல்லாரும் அதிலதான் கெடுறது."

பிறகு பாதுகாப்பு விதிகள். வோல்ரரின் கையெழுத்து கோழி கிளறியது போல் இருந்ததால் நானே கரும்பலகையில் அழகாக எழுதிவைத்தேன். பதினொரு வரிகள். நாலாவது வரி: குழலின் பக்கத்திலுள்ள ஊசித்துளைக்குள் ஊசி விட்டு, அடைப்பு இல்லை என்று பார்க்கவும். வெளியே பூட்டின் சின்னக் கிண்ணத்து மருந்தில் விழும் பொறி உள்ளே இருக்கும் மருந்துக்குப் போகும் வழி அந்தத் துளைதான். பதினோராவது வரி: துவக்கு வெடிக்காவிட்டால், குறி பார்த்த நிலையிலேயே அறுபது வினாடி அசையாமல் நிற்கவும். உள்ளே மருந்து மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கலாம். எந்த நேரமும் வெடிக்கலாம்.

எல்லாரும் கைதட்டினார்கள். கையெழுத்துக்கு.

மே 8, செவ்வாய்

பரிமளம் சனிக்கிழமை தானும் வருகிறாளாம்.

"அங்க சரியான சத்தம்" என்றேன்.

"எனக்குச் சத்தம் தெரியாதோ?"

"குளிரும்."

"கோட் இருக்கு."

"நான் ஒருவேளை சுடாமலும் விடலாம்."

"அதையும் பாக்கலாம்" என்றாள்.

சரி. காய்ச்சலும் இல்லை, தடிமனும் இல்லை. சுற்றிவளைப்பு நடந்த அன்று விடிய அவள் முதலில் என்னைத்தான் கேட்டாள். "நீங்கள் சைக்கிளில கொண்டுபோய்ப் போட்டிட்டு வாறியளோ?" நான் கதிரையில் இருந்தேன். கையில் சிவப்புப் பேனா. எழும்பவேண்டும் என்று நினைத்தேன். நினைப்பு முழங்கால்வரை போய்ச் சேரவில்லை. அவள் விறகுக்கொட்டிலுக்குப் போனாள். பிறகு காவோலைகளைக் கட்டத் தொடங்கினாள். திரும்பி வந்தபோதும் நான் அதே தாளில் அதே கணக்கில் இருந்தேன். மேசையில் இருந்த என் தேத்தண்ணீரைத் தொட்டுப் பார்த்து "ஆறிப்போச்சு" என்று மட்டும் சொல்லி, சூடாக்கிக்கொண்டு வந்து தந்தாள்.

அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. முப்பத்தொரு வருஷம்.

சனிக்கிழமை நான் சுடவேண்டும். அவள் பார்த்துக்கொண்டிருக்கச் சுடவேண்டும். குறி தப்பினாலும் பரவாயில்லை.

மே 11, வெள்ளி

பின்னேரம் சாவியோடு மண்டபத்துக்குப் போனேன். போகவேண்டிய தேவை இல்லை. துவக்கை முழுதாகப் பொருத்தி முடித்து, துணி போர்த்தி வைத்திருந்தார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். பூட்டுக்குப் பக்கத்தில், ஐந்து சதக் குற்றியளவு இடத்தில், மினுக்கம் குறைவாக இருந்தது. ஒரு மெய்யெழுத்தில் குற்று விடுபட்டாலும் அரைப் புள்ளி குறைப்பவன் நான். ஒரு துளி எண்ணெய் விட்டேன். போதாது போலிருந்தது. இன்னொரு துளி. தேய்த்தேன். கண்ணாடி மாதிரி வந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. தற்பெருமை என்று நினைப்பார்கள்.

மே 12, சனி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சுடும் இடம் ஊருக்கு வெளியே, கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. முன்னால் புல்வெளி, ஐம்பது யார் தூரத்தில் மண்மேடு, அதன் முன்னால் மரச்சட்டத்தில் காகிதக் குறி. பரிமளம் மஞ்சள் சேலைக்கு மேல் யசோவின் தடித்த கோட், அதற்கு மேல் காதுமூடி போட்டிருந்தாள். டொரீன் அவளுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார். இருவரும் முழங்காலைப் பற்றிக் கை அசைவிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

வோல்ரர் பக்கத்தில் நிற்க, நான் விதிகளை மனப்பாடமாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். மருந்து அளந்து இட்டேன். குண்டை இறக்கினேன். மூன்றாவது வரி முடிந்ததும் திரும்பிப் பரிமளத்தைப் பார்த்தேன். அவள் கையசைத்தாள். நான் ஐந்தாவது வரிக்குப் போய்க் கிண்ணத்தில் மருந்து இட்டேன்.

துவக்கைத் தோளில் வைத்தேன். குறி தெரிந்தது. இழுத்தேன்.

பொறி பறந்தது. முகத்துக்குப் பக்கத்தில் புஸ் என்று சுவாலை எழும்பி அடங்கியது. வெள்ளைப் புகை. பிறகு ஒன்றும் இல்லை. ஒரு குருவி கத்தியது.

துவக்கை இறக்கப் போனேன்.

"அசையாதையும் மாஸ்டர்!" வோல்ரர் கத்திய கத்தில் கொட்டகையே அதிர்ந்தது. "அறுபது! அப்பிடியே நில்லும்!"

டொரீன் எண்ணத் தொடங்கினார். ஒன்று. இரண்டு.

ஒன்பது றாத்தல் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டில் இடது கை எரிந்தது. இருபதில் குழலின் முனை வட்டம் போட்டது. உள்ளே மருந்து புகைகிறதா, அணைந்துவிட்டதா, தெரியாது. கன்னத்துக்கு நாலு விரல் தள்ளி அது இருந்தது. முழங்கால் விறைத்துப்போயிற்று. அந்த விறைப்பு எனக்குப் பழக்கமானது. 1987க்குப் பிறகு அது என்னிடம் வந்ததில்லை. வந்ததும் ஆளைத் தெரிந்துகொண்டேன்.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு.

அப்போது பின்னாலிருந்து பரிமளத்தின் குரல் கேட்டது. அங்கே வேறு யாருக்கும் விளங்காத மொழியில், மிக நிதானமாக:

"என்னப்பா, அண்டைக்கு அரை மணித்தியாலம் இப்பிடியே இருந்தனீங்கள்தானே. இண்டைக்கு ஒரு நிமிசம். நிண்டு முடியுங்கோ."

சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பியது. சிரிக்க முடியாது, துவக்கு ஆடும். கண்ணிலும் ஏதோ கிளம்பியது. துடைக்க முடியாது, கை இல்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மூக்கால் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டு நின்றேன். உலகத்தில் எத்தனையோ வேலைகள் இருக்கின்றன. அசையாமல் இருப்பதுதான் சரியான பதில் என்று ஒரு கேள்வி எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக வந்திருக்கிறது. அதற்கு நான் எவ்வளவோ காலமாகத் தயார்.

ஐம்பத்தொன்பது. அறுபது.

வோல்ரர் கிட்ட வந்து ஊசியைத் துளைக்குள் விட்டார். இழுத்தபோது முனையில் மஞ்சளாக, பிசின் போல, ஒரு துளி. மணந்து பார்த்தார்.

"ஆளிவிதை எண்ணெய். இதை ஆர் பூசினது?"

"நான்."

"எப்ப?"

"நேற்று. மினுக்கம் காணாமல் இருந்தது."

"ஊசி விட்டுப் பாக்கச் சொல்லி நாலாவது வரி. அதை ஆர் எழுதினது?"

"அதுவும் நான்தான்."

டொரீன் பரிமளத்தைப் பார்த்தார். பரிமளம் தோளைக் குலுக்கினாள். அதற்கு எந்த மொழியிலும் மொழிபெயர்ப்பு தேவையில்லை.

துளையைத் துடைத்தார்கள். மறுபடி கிண்ணத்தில் மருந்து இட்டார்கள். "வேண்டாம் எண்டால் நான் சுடுறன்" என்றார் வோல்ரர், மெதுவாக. நான் தலையை ஆட்டிவிட்டுத் தோளில் வைத்தேன். இழுத்தேன். வெடித்தது. தோளில் யாரோ உரிமையோடு தள்ளியது போல் இருந்தது.

கண்ணை மூடினேனா? மூடினேன்.

குறித்தாளில் துளை இல்லை. அதைத் தாங்கிய மரச்சட்டத்தின் காலில் இருந்தது. வோல்ரர் பெரிய தொலைநோக்கியால் பார்த்தார். பிறகு அவரும் டொரீனும் பத்துப் பத்து வெடி சுட்டார்கள். எல்லாம் நடுவட்டத்தில். "துவக்கில ஒரு பிழையும் இல்லை" என்று வோல்ரர் அறிவித்தார். "பிழை எங்க எண்டு எல்லாருக்கும் தெரியும்." எல்லாரும் கைதட்டினார்கள்.

காரில் வரும்போது பரிமளம் என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். எங்களைக் கூட்டிப்போக வந்த யசோ ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்: "அண்டைக்குச் சந்தியைத் தாண்டேக்க உமக்குப் பயமாய் இருந்ததோ?"

"தலையில அந்தப் பாரம். பயப்பிட எங்க நேரம்?" என்றாள். என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, "கிணத்தடியில இருந்து கொஞ்சம் அழுதனான்" என்றாள்.

யசோ கண்ணாடியில் எங்களைப் பார்த்தாள். "என்ன கிணறு, அம்மா?"

"வீட்ட போய்ச் சொல்லுறன் பிள்ளை. பாதையைப் பாத்து ஓட்டு."

மே 19, சனி

குலுக்கலில் பக்கத்து ஊர்ப் பல் வைத்தியருக்கு விழுந்தது. துவக்கை வாங்கி, பிடிமரத்தைத் தடவி, இவ்வளவு மினுக்கம் தான் கண்டதில்லை என்றார். எண்ணெய் பூசுவதில் அளவு முக்கியம் என்று நான் அவருக்கு விளக்கத் தொடங்கினேன். வோல்ரர் என்னைக் கையைப் பிடித்து அப்பால் கூட்டிக்கொண்டு போனார்.

இந்தக் கொப்பியை யாராவது எப்போதாவது எடுத்துப் படித்தால், அவருக்கு ஒரு பயிற்சி. வீடு கூட்டும் தும்புத்தடி ஒன்றைத் துவக்குப் போல் தோளில் வைத்து நீட்டிப் பிடியுங்கள். உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பின்னால் நிறுத்தி, அவர் என்ன சொன்னாலும் அசையாமல், அறுபது வினாடி நின்று பாருங்கள்.